அந்தப் பாட்டிகள் கேட்கும் மன்னிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

2016இல் வெளியான ‘ஸ்பிரிட்ஸ் ஹோம்கமிங்’ கொரியப் படத்தைப் பார்த்தேன். 1943இல் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்க இழுத்துச் சென்ற கொரியச் சிறுமிகளின் கதை. முதலீடு கிடைக்காமல் பல ஆண்டுகள் தடுமாறி, கடைசியில் 70,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொடுத்த பணத்தில்தான் முடிந்திருக்கிறது. வன்முறைக் காட்சிகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனாலும் மனம் ஆறவில்லை.

சுமார் அரை நூற்றாண்டு வாய்மூடியே வாழ்ந்தார்கள் அந்தப் பெண்கள். 1991இல் கிம் ஹாக்-சுன் என்ற பாட்டி தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசினார். என்ன துணிச்சல்! அப்புறம்தான் மற்றவர்களும் முன்வந்தார்கள். 1992 முதல் சியோலில் ஜப்பான் தூதரகம் முன்பு புதன்கிழமைதோறும் போராட்டம் நடக்கிறது.

2015இல் ஜப்பான், தென் கொரிய அரசுகள் இந்தப் பிரச்சினையில் உடன்பாடு செய்துகொண்டன, பாதிக்கப்பட்டவர்களிடம் முறையாகக் கேட்காமலேயே. இன்று மிகச் சிலரே உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் காலத்திலேயே ஜப்பான் அரசு சட்டப்படி பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

– வாசகி, திருச்சி