கோவைப் பட்டறைகளின் பழைய இயந்திரங்களையும் மரப் பேட்டர்ன்களையும் காக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆவாரம்பாளையம், கணபதி வட்டாரப் பட்டறைக்காரர்கள்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: கோவையில் உருவான பழைய தொழில் பொருட்களைக் கணக்கெடுத்து, பொது இடத்தில் காட்சிக்கு வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்த பிறகு பம்புசெட் தொழில் வளர்ந்தது. 1955-ல் இவ்வூர் சபாபதி மாவரைக்கும் வெட் கிரைண்டர் செய்தார். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 'கோயம்புத்தூர் மோட்டாரா, போடு' என்று விவசாயி மறுபேச்சில்லாமல் வாங்கிய காலம் உண்டு.

இப்போது பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. வாடகை, மூலப்பொருள் விலை, 2022-ல் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவீதமாக ஏறியது எல்லாம் வேறிடத்தில் பேச வேண்டியவை. எங்கள் கவலை, மூடிய பிறகு நடப்பதைப் பற்றியது. பழைய லேத்துக்காவது (கடைசல் இயந்திரம்) இரும்புக்கடையில் எடைக்குக் காசு கிடைக்கிறது. மரப் பேட்டர்ன்கள், அதாவது இரும்பு வார்க்க மணலில் அச்சு எடுக்கும் மர மாதிரிகள், அடுப்புக்குத்தான் போகின்றன.

ஒரு பம்பு கேசிங் (பம்பின் வெளிக்கூடு) பேட்டர்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரத்தில் இரண்டு பாதியாகச் செதுக்கி, குச்சி வைத்துப் பொருத்தியிருப்பார்கள். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கும். அந்தக் கணக்கோடு, மணல் உடையாமல் பேட்டர்ன் கழன்று வருவதற்கான சாய்வையும் சேர்த்தே ஆசாரி உளி பிடிப்பார். இன்று கம்ப்யூட்டர் அதைச் செய்துவிடுகிறது, சரி. முன்பு கையாலேயே செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட நாலு பேட்டர்னாவது மிஞ்ச வேண்டாமா?

அவினாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டியதில் எங்களுக்கும் பெருமைதான். அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பெயர் வெளியே தெரியாத சிறு பட்டறைகளின் சரக்குக்குத்தான் போக்கிடம் இல்லை.

ஆகவே, மாவட்டத் தொழில் மையம் மூலம் பழைய மோட்டார், பம்பு, கிரைண்டர், லேத், பேட்டர்ன் எவை யாரிடம் மிச்சம் இருக்கின்றன என்று கணக்கெடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். வயதான பேட்டர்ன்காரர்கள், வார்ப்படக்காரர்களின் அனுபவத்தையும் அப்போதே ஒலிப்பதிவு செய்துவிடலாம். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கழித்துக் கட்டும் இயந்திரங்களை ஏலம் விடுமுன் இந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், இவற்றை வைக்க ஒரு கூடம் வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. 2020 ஊரடங்கில் நின்றுபோன தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளில் ஒன்றில் ஒரு கொட்டகை கிடைத்தாலும் போதும். அவை மத்திய அரசின் சொத்து என்பதால் தாங்கள் பரிந்துரைத்து எழுத வேண்டுகிறோம். இயந்திரங்களைக் கண்ணாடிக்குள் பூட்டாமல் ஓடவிட்டுக் காட்ட வேண்டும்; பழுது பார்த்து ஓட்டிக் காட்டும் வேலையை நாங்கள் கூலியில்லாமல் செய்து தருகிறோம்.

கணக்கெடுப்பை மட்டுமாவது உடனே தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறைக்காரர்கள்

இணைப்பு: எங்களிடம் உள்ள பொருட்களின் பட்டியலும் படங்களும்.