சங்க இணையத்தளப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் செயற்குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தாங்கள் ஒப்புதல் அளித்த இணையத்தளப் பணி நிறைவு பெற்று, தளம் இப்போது பொதுமக்களின் பயன்பாட்டில் உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். சிங்கப்பூரில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பும் வாசிப்பு வகுப்பும் நடத்திவரும் நம் சங்கத்துக்கு இந்தத் தளம் யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது, எந்தக் காரணங்களால் சில கோரிக்கைகள் ஏற்கப்பட்டுச் சில ஏற்கப்படவில்லை, இனி இதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றை உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இவ்வறிக்கை சற்று விரிவாகவே எழுதப்பட்டுள்ளது.

பணிக்குழு முதலில் முடிவு செய்தது வண்ணத்தையோ வடிவத்தையோ அன்று. தளத்தின் முதல் பக்கம் யாருக்கு உரியது என்பதையே முதலில் முடிவு செய்தது. நன்கொடையாளர்களை முன்வைத்து, நன்கொடைப் பொத்தானை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தனர். அக்கோரிக்கையின் நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. நிதி இல்லாமல் ஒரு வகுப்பும் நடக்காது. ஆயினும் கொடுக்க வேண்டும் என்று எண்ணி வருபவர் பக்கத்தின் கீழே இருக்கும் பொத்தானையும் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். மாலை நேர வேலை முடிந்து, கடைசி எம்ஆர்டி ரயிலில் கைத்தொலைபேசியைத் திறந்து, தொடக்கநிலை 4இல் படிக்கும் மகனுக்கு வகுப்பில் இடம் கிடைக்குமா என்று பார்க்கும் தாய், இரண்டாவது பக்கத்துக்குக்கூடப் போகாமல் மூடிவிடக்கூடும். எனவே முதல் பக்கத்தின் தலைப்பகுதியில் வகுப்புகள் நடக்கும் இடம், நாள், நேரம், எந்த நிலை மாணவர்களுக்கு இடம் உள்ளது என்ற விவரங்களும், அவற்றின் கீழேயே விண்ணப்பத்துக்கான இணைப்பும் வைக்கப்பட்டன. நன்கொடைப் பகுதி அதற்கு அடுத்தே வருகிறது. தளம் முழுவதும் முதலில் கைத்தொலைபேசித் திரைக்கென வடிவமைக்கப்பட்டு, பின்னரே கணினித் திரைக்கு விரிக்கப்பட்டது.

விண்ணப்பப் படிவத்தைச் சுருக்குவதே இப்பணியில் அதிக உழைப்பை வாங்கியது. நாம் இதுவரை பயன்படுத்திவந்த காகிதப் படிவம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை எண், குடும்ப வருமானம், பெற்றோரின் மணநிலை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதன்கீழ் வெளியான வழிகாட்டுதல்கள், சட்டம் கோராத இடங்களிலும், ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இல்லாத இடங்களிலும் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்பதை 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கும் அதே விதி பொருந்தும். வாசிப்பு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நாற்காலி ஒதுக்குவதற்கு அந்த எண்கள் எதுவும் தேவையில்லை. ஆகவே இணையப் படிவம் பிள்ளையின் பெயர், படிக்கும் நிலை, விரும்பும் நிலையம், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் பெயர், தொடர்பு எண், பேச விரும்பும் மொழி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வருமானச் சான்றுகளை நேர்காணலின்போது தொண்டூழியர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஆவணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். நகல் எடுத்து வைப்பதில்லை. இடம் கிடைக்காதவர்களின் விண்ணப்பங்கள் அந்தத் தவணைச் சேர்க்கை முடிந்ததும் அழிக்கப்படும்.

பிள்ளைகளின் பெயரைப் படிவத்தில் எந்த எழுத்தில் கேட்பது என்பது பற்றியும் ஆலோசிக்கப்பட்டது. பள்ளிப் பதிவேடுகளில் பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பதாலும், பெற்றோர் பலர் கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையை வைத்திராததாலும், படிவத்தின் கேள்விகள் தமிழில் இருக்க, விடைகளை எந்த எழுத்தில் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று வைத்தோம். தமிழ்ப் பக்கங்களும் ஆங்கிலப் பக்கங்களும் ஒன்றுக்கொன்று நேர் இணையாக உள்ளன. ஒரு பக்கத்திலிருந்து மொழியை மாற்றினால் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடாமல் அதே பக்கத்தின் மறுமொழி வடிவமே திறக்கும்.

பணிக்குழுக் கூட்டங்களிலும் உறுப்பினர் சந்திப்பிலும் மிக நீண்ட விவாதம் நடந்தது படங்களைப் பற்றித்தான். சிரிக்கும் பிள்ளையின் முகம் ஒன்று, பத்துப் பத்திகள் செய்யாத வேலையைச் செய்யும் என்பது நிதி திரட்டிய அனுபவம் உள்ள உறுப்பினர்களின் கருத்து. அதை நாங்கள் பொறுப்போடு எடுத்துக்கொண்டு, நம் கைவசம் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். வாசிப்பு வகுப்பில் எடுத்த படம் ஒன்றை மட்டும் இங்கு விவரிக்கிறோம். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமி; பார்ப்பவர் எவருக்கும் பிடிக்கும் படம். அவளது பினஃபோரில் பள்ளிச் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. மேசைமேல் அவள் பெயரெழுதிய அட்டை நிற்கிறது. பின்னால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்துத் தூணில் புளோக் எண் இருக்கிறது. சுவரில் ஒட்டிய அட்டவணையில் வகுப்பின் நாளும் நேரமும் உள்ளன. அவள் யார், எந்தப் பள்ளியில் படிக்கிறாள், எந்த மாலையில் எங்கே இருப்பாள் என்பதை முன்பின் அறியாத ஒருவர் இந்த ஒரே படத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியும். படக்கோப்பின் உள்ளே கைத்தொலைபேசி தானாகப் பதிந்துவைத்த இருப்பிடக் குறிப்பும் இருந்தது.

பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, பிள்ளையின் மானமும் இதில் அடங்கியிருக்கிறது. நம் தளத்தில் ஒரு பிள்ளையின் முகம் வருவதே, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவைப்பட்டது என்று ஊரறியச் சொல்வதாகும். அதை வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். தேடுபொறிகளின் வழியாகப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பார்க்க முடியும். இலவச வகுப்புக்கு அந்தப் பிள்ளை கொடுக்க வேண்டிய விலை அதுவாக இருக்கக் கூடாது என்று செயற்குழு உறுதியாகக் கருதியது. எனவே முகம் அடையாளம் தெரியும் எந்தப் பிள்ளையின் படமும் தளத்தில் இடம்பெறவில்லை. உண்மைப் பெயரும் இல்லை. புத்தகத்தைப் புரட்டும் கைகள், பின்புறமிருந்து எடுத்த வகுப்பறைக் காட்சிகள், பிள்ளைகள் தாமே வரைந்த ஓவியங்கள் ஆகியவையே இடம்பெற்றுள்ளன. சிறார் தகவல்களைக் கையாள்வது பற்றித் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகள், 13 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்றும், 13 முதல் 17 வயது வரை உள்ளோர் சம்மதத்தின் பொருளைப் புரிந்துகொள்ளக்கூடியவர்களாயின் தாமே சம்மதிக்கலாம் என்றும் கூறுகின்றன. நாங்கள் அதைவிட ஒரு படி கூடுதலாகச் சென்று, எந்த வயதானாலும் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம், வரைந்த பிள்ளையின் விருப்பம் இரண்டையும் கேட்டுப் பெற்றோம். ஓவியத்தை எடுத்துவிடும்படி பின்னர் எப்போது கேட்டாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம். ஏற்றப்படும் ஒவ்வொரு படத்திலிருந்தும் இருப்பிடக் குறிப்பு நீக்கப்படுகிறது. பிள்ளையின் பெயரால் சேமிக்கப்பட்ட கோப்புகள் பெயர் மாற்றப்படுகின்றன. நம் சமூக ஊடகப் பக்கத்தில் இருந்த பழைய படத்தொகுப்புகளும் இதே காரணத்துக்காக அகற்றப்பட்டுவிட்டன. பக்கங்களைப் பார்ப்பவர்களைப் பின்தொடரும் விளம்பர நிரல்கள் எதுவும் தளத்தில் இல்லை.

தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் அக்கறை காட்டப்பட்டது. 1995இல் தமிழ் இணைய முன்னோடியான நா. கோவிந்தசாமி அவர்கள் சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய காலத்தில், தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் எழுத்துருவைத் தனியே இறக்கிக் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோட்) முறையின் பயனால் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தானாகவே தெரிகிறது. அந்த முன்னோடி வாழ்ந்து உழைத்த ஊரில் தமிழ்ப் பக்கங்கள் அரைகுறையாக இருப்பது தகாது என்பது எங்கள் எண்ணம். ஆங்கிலத்துக்கென அமைந்த வரி இடைவெளியில் தமிழை வைத்தால் ‘கீ’, ‘றீ’ போன்ற எழுத்துகளின் மேற்கொம்பு மேல்வரியில் இடிக்கிறது. ‘ழு’, ‘ளு’ ஆகியவற்றின் கீழ்வளைவு அடுத்த வரியைத் தொடுகிறது. தடித்த எழுத்தில் ‘ண’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடுகின்றன. ஆகவே தமிழ்ப் பக்கங்களுக்கு வரி இடைவெளியை அதிகமாக்கி, தலைப்புகளுக்கு நடுத்தரத் தடிமனை மட்டும் பயன்படுத்தினோம். திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குக் கட்டணம் இல்லை.

சங்கச் சின்னத்தின் மஞ்சள் நிறத்தில் தலைப்புகளை அமைக்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் நிறைவேறவில்லை. இணையத்தள அணுகல் பற்றிய பன்னாட்டு நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 ஆக இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் தூய மஞ்சளின் வேறுபாடு 1.07:1 மட்டுமே, பார்வை மங்கிய தாத்தா பாட்டிகளுக்கு அது வெற்றுத் தாளாகவே தெரியும். பேரப்பிள்ளைகளின் விண்ணப்பத்தை நிரப்புவோரில் அவர்களும் உண்டு. மஞ்சள், சின்னத்திலும் பக்க ஓரங்களிலும் நிற்கிறது. எழுத்து அடர்பச்சையில் உள்ளது.

நன்கொடைப் பக்கத்தில் பேநவ் (மின்னிலக்கப் பணம் செலுத்தும் முறை) குறியீடும் வங்கி விவரமும் உள்ளன. நம் சங்கம் ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்றிருப்பதால், தகுதிபெறும் நன்கொடைகளுக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு உண்டு. இச்சலுகையை 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. வரிக்கழிவு தானாகப் பதிவாக வேண்டுமானால் கொடையாளர் தம் அடையாள அட்டை எண்ணைத் தர வேண்டும். பெற்றோரிடம் கேட்காத எண்ணைக் கொடையாளரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம் என்று வினவிய உறுப்பினருக்கு இதுவே விடை. வரிக்கழிவு வேண்டாதவர் அக்கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம். வெள்ளி எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்ற பட்டியலை நாங்கள் வேண்டுமென்றே தவிர்த்தோம், ஏனெனில் நன்கொடைகள் பொது நிதியில் சேர்ந்து வாடகை, பாடநூல், சிற்றுண்டி என்று பலவற்றுக்கும் செல்கின்றன. ஐம்பது வெள்ளி ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் புத்தகமாக மாறுகிறது என்று எழுதுவது உண்மையாகாது. அதற்குப் பதிலாக, அறநிறுவன ஆணையரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் அப்பக்கத்திலேயே முழுமையாகப் படிக்கக் கிடைக்கின்றன.

செலவைப் பொறுத்தவரை, வடிவமைப்பு நிறுவனத்துக்கான கட்டணம், தமிழ் உரைகளைச் செப்பனிட்டவருக்கான மதிப்பூதியம், தளத்தைத் தாங்கும் வழங்கிக்கும் (சர்வர்) ‘ஆர்க் எஸ்ஜி’ (.org.sg) இணைய முகவரிக்கும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை ஆகியவை தாங்கள் ஒப்புதல் அளித்த வரம்புக்குள் அடங்கின. பிள்ளைகளின் வகுப்புகளுக்கென்று குறித்துப் பெறப்பட்ட நன்கொடையிலிருந்து ஒரு வெள்ளிகூட இதற்கு எடுக்கப்படவில்லை. விவரமான கணக்கைப் பொருளாளர் ஆண்டுப் பொதுக்கூட்ட ஆவணங்களோடு அனுப்பிவைப்பார்.

கும்பாபிஷேகம் முடிந்த கோயிலுக்கும் நாள்தோறும் விளக்கேற்ற ஆள் வேண்டியிருப்பதுபோல, இத்தளத்துக்கும் அன்றாடப் பொறுப்பாளர் தேவை. தொண்டூழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இணைய முகவரியைப் பதிந்துவைத்து, அவர் விலகிய பின் முகவரியையே இழந்துவிடும் அமைப்புகள் உண்டு என்பதால், நம் முகவரியும் வழங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரிலேயே பதியப்பட்டுள்ளன. செயலாளரும் பொருளாளரும் தனித்தனிக் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கொண்டு உள்நுழைகின்றனர். பொறுப்பு மாறும் நாளன்றே அவர்களின் நுழைவுரிமையும் மாற்றப்படும். வகுப்பு அட்டவணையை நிலையப் பொறுப்பாளர்களே நேரடியாகத் திருத்தலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி தெரியும். தகவல் பாதுகாப்பு அதிகாரியாகத் துணைச் செயலாளர் நியமிக்கப்பட்டுள்ளார். அவரைத் தொடர்புகொள்ளும் முறை எல்லாப் பக்கங்களிலும் தரப்பட்டுள்ளது.

மலாய், சீன மொழிகளில் விண்ணப்பப் பக்கத்தை மட்டுமாவது தர வேண்டும் என்ற பரிந்துரை நிலுவையில் உள்ளது. நம் வகுப்புகளில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்கிறார்கள் என்பதால் இது உடனே செய்ய வேண்டிய வேலை என்றே செயற்குழு கருதுகிறது. அம்மொழிகளில் எழுதவும், பின்னர் வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு அம்மொழியிலேயே பதில் சொல்லவும் தொண்டூழியர்கள் கிடைத்தவுடன் தொடங்கப்படும். பேச ஆள் இல்லாமல் பக்கத்தை மட்டும் திறந்துவைக்க விரும்பவில்லை.

தங்கள் கைத்தொலைபேசியில் படிவத்தை நிரப்பிப் பார்த்து இடர்ப்பாடுகளைச் சுட்டிக்காட்டிய பெற்றோர்களுக்கும், வார இறுதிகளைத் தந்துதவிய தொண்டூழியர்களுக்கும், ஓவியங்களைத் தந்த பிள்ளைகளுக்கும் செயற்குழுவின் உளமார்ந்த நன்றி. உறுப்பினர்கள் தளத்தைப் பார்வையிட்டு, பிழையோ விடுபட்ட விவரமோ காணின் பக்கத்தின் தலைப்பைக் குறிப்பிட்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் செயலாளருக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். மலாய் அல்லது சீனம் அறிந்த தொண்டூழியர்களை அறிமுகம் செய்ய இயன்றவர்களும் அவரையே அணுகலாம்.

இங்ஙனம்,
செயற்குழு