ஹோண்டாவா, கன்னாவா: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா, 2016 அக்டோபர் 16

அன்புள்ள அண்ணா,

இந்தத் தேர்தலில் நம் தொகுதியில் ஹோண்டாவுக்கா, கன்னாவுக்கா ஓட்டு என்று போன ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில் நடந்த நம் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. ஹோண்டா செய்ததற்கு நன்றியாக அவருக்கே போட வேண்டும் என்பது உங்கள் கட்சி. "நன்றி கெட்டவங்களா ஆயிட்டீங்கடா எல்லாரும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. போனில் பேசினால் மறுபடி சத்தம் ஏறும், அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவது ஏனென்றால், அன்று நம்மைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் இதே குழப்பம் இருக்கிறது.

தபாலில் வந்த வாக்குச்சீட்டு இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது. சிட்டிசன்ஷிப் போன வருடம்தான் கிடைத்தது, அதனால் எனக்கு இது முதல் அதிபர் தேர்தல். மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் மாநிலப் பிரேரணைகள் மட்டும் 17, மரண தண்டனையிலிருந்து கடைகளில் தரும் பிளாஸ்டிக் பை வரை. அதற்கென்று அனுப்பிய கையேடே 200 பக்கத்துக்கு மேல். பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் என் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து நிரப்பிக்கொண்டே வந்தோம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைக்கான நம் 17ஆவது தொகுதி வந்ததும் பேனா நின்றுவிட்டது. மைக் ஹோண்டா, ரோ கன்னா. இரண்டு பேருமே ஜனநாயகக் கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும் பிரைமரி என்கிற முதல் சுற்றுத் தேர்தலில் முதல் இரண்டு இடம் வந்தவர்கள்தான் நவம்பரில் மோத வேண்டும் என்று 2010ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள், அதனால்தான் இந்த நிலை. கட்சியைப் பார்த்து ஓட்டுப் போட வழியில்லை. ஆளைப் பார்த்துத்தான் போட்டாக வேண்டும்.

ஹோண்டா பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை அண்ணா. இரண்டாம் உலகப் போரின்போது, கைக்குழந்தையாக இருந்தபோதே அவரையும் அவர் குடும்பத்தையும் கொலராடோவில் ஆமாச்சி முகாமில் அடைத்தார்கள். ஜப்பானிய வம்சாவளி என்பதைத் தவிர வேறு குற்றம் கிடையாது. அப்படி அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். வெளியே வந்த குடும்பம் சான் ஹோசேயில் குத்தகை நிலத்தில் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டுப் பிழைத்தது. அந்தப் பையன் பிறகு தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோரில் சேர்ந்து எல் சால்வடாருக்குப் போனார், வாத்தியாராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்தார், 2001லிருந்து பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களிடம் ஜப்பான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2007ல் சபையில் தீர்மானம் நிறைவேற வைத்தவரும் அவர்தான். தன் பூர்வீக நாட்டுக்கு எதிராகவே அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவர எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருக்கும்?

இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த 2001 செப்டம்பர் பற்றி நீங்கள் சொன்னதை என்னால் மறக்க முடியாது. அரிசோனாவில் பெட்ரோல் பங்க் நடத்திய சீக்கியர் ஒருவரைத் தலைப்பாகையைப் பார்த்தே சுட்டுக் கொன்ற அந்த வாரம், அண்ணி பொட்டு வைக்காமல் வேலைக்குப் போனதாகச் சொன்னீர்கள். அப்போது ஹோண்டா எழுந்து நின்று, எங்களுக்குச் செய்ததை முஸ்லிம்களுக்கும் அரேபியருக்கும் செய்துவிடாதீர்கள் என்று பேசினார். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டிய பேட்ரியாட் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட 66 பேரில் அவரும் ஒருவர். அடுத்த வருடம் ஈராக் போருக்கும் எதிராக ஓட்டுப் போட்டார். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே எனக்காகவும் பேசிய மனுஷன் அவர்.

சரி, அப்படியென்றால் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள்.

அன்று நம் கூட்டத்தில் ஒருவர் சொன்னாரே, "நம்மாளு நிக்கிறார், இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று. அதைக் கேட்டு உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. கன்னாவின் அப்பா அம்மா இந்தியாவிலிருந்து வந்தவர்கள், தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், எல்லாம் சந்தோஷம். ஆனால் ஹோண்டா நம்மாளு யார் என்று கணக்குப் பார்த்திருந்தால், 2001ல் நமக்காக வாயைத் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பெயரைச் சொல்லி வளர்ந்த தொகுதியில் சாதி பார்த்து ஓட்டுப் போடுகிற மாதிரி ஓட்டுப் போட நான் தயாராக இல்லை. அந்தக் காரணத்துக்காக கன்னாவுக்குப் போடுவதென்றால், ஹோண்டாவுக்கே போட்டுவிடுவேன்.

ஆனால் நன்றி என்று நீங்கள் சொல்கிற காரணமும் என்னால் ஏற்க முடியவில்லை. 1967ல் விருதுநகரில் காமராஜர் தோற்ற செய்தி வந்த ராத்திரி உங்கள் அப்பா சாப்பிடாமல் திண்ணையிலேயே படுத்திருந்ததை நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் கட்டி மதியச் சோறு போட்ட மனுஷனை ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்கடித்தார்களே என்ற அந்த வலிதான் இன்றைக்கும் உங்களைப் பேச வைக்கிறது என்று எனக்குத் தெரியும். அதே காமராஜர்தான் அண்ணா, 1963ல் ஒன்பது வருட முதலமைச்சர் நாற்காலியைத் தானாகவே விட்டு இறங்கினார். யாரும் தள்ளிவிடவில்லை. மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று திட்டம் போட்டு, முதலில் தானே செய்து காட்டினார். நாற்காலியை நன்றிக்கடனாக அவர் கேட்டதே இல்லையே.

ஹோண்டா எட்டு முறை ஜெயித்திருக்கிறார், வயது 75. வயதை வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அதை விடுங்கள். என்னை உறுத்துவது அந்த நெறிமுறை விசாரணை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற அலுவலகத்தையும் தேர்தல் நிதி திரட்டலையும் அவருடைய ஆட்கள் கலந்துவிட்டார்களா என்று போன வருடம் அறிக்கை வந்தது. விசாரணை முடியவில்லை, அதனால் அவரைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் எதிர்ப்பே இல்லாமல் வருடக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருக்கிற இடத்தில் இப்படிப்பட்ட பழக்கங்கள் சுலபமாக வந்துவிடும். மறுபடி நிற்கிற உறுப்பினர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஜெயித்துவிடுகிற நாடு இது. 2014ல் கன்னா எதிர்த்து நின்ற பிறகுதான் இங்கே பிரதிநிதிகள் சபைக்கு ஒரு தேர்தல் நடக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது! அந்த முறை சுமார் மூன்றரை சதவீத வித்தியாசத்தில் தோற்றார், திரும்ப வந்தார், இந்த ஜூன் பிரைமரியில் ஹோண்டாவையே தாண்டி முதலில் வந்தார். தேர்தல் நிதி திரட்டித் தரும் பேக் அமைப்புகளிடம் பணம் வாங்க மாட்டேன் என்கிறார். டெக் கம்பெனிப் பணக்காரர்கள் அவர் பின்னால் நிற்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது உண்மை, அது எனக்கும் இடிக்கிறது. ஆனால் 2004ல், ஈராக் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட சபை உறுப்பினர் டாம் லாண்டோஸை எதிர்த்துத் தன்னந்தனியாக நின்று படுதோல்வி அடைந்த 27 வயதுப் பையனும் இதே கன்னாதான். பணத்துக்காக மட்டும் அரசியலுக்கு வருகிறவன் அந்தத் தேர்தலில் நின்றிருக்க மாட்டான்.

நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நம் பகுதியில் ஓடும் பார்ட் ரயிலை சான் ஹோசே பக்கம் நீட்டிக்க 90 கோடி டாலர் மத்திய அரசுப் பணம் வந்தது, நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் ஹோண்டா இருந்ததும் அதற்கு ஒரு காரணம். புதிதாகப் போகிறவர் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். அந்த இடம் போனால் நமக்கு என்ன நஷ்டம், அதை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும்? இதை நீங்கள் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன், அது தப்பு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரும்பக் கேட்டு வருகிற பதவிதானே, சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.

இப்போதைக்கு என் மனசு கன்னா பக்கம்தான் இருக்கிறது. அவள் ஹோண்டா பக்கம். எங்கள் வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வரவில்லை. தபாலில் போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, நவம்பர் 8க்குள் முத்திரை விழுந்தால் போதும். அந்த ஒரு இடத்தை நிரப்பாமல், உறையையும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வாருங்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு. சாப்பிட்டுவிட்டு அந்த ரயில் பண விஷயத்தை விட்ட இடத்திலிருந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி