பாப்பாவுக்கு, அந்த பாஸ்தா விஷயமா

பாப்பா,

மூணு வாரம் முன்னாடி நீ ஒரு மெசேஜ் போட்டிருந்த, "அப்பா, சின்னவன் பொறந்தப்ப வந்து தங்கியிருந்தீங்களே, அப்ப ஒரே பாத்திரத்துல கொத்துக்கறி போட்டு பாஸ்தா பண்ணுவீங்களே, அதுக்கு அளவு சொல்லுங்க"ன்னு. நான் தூக்கக் கலக்கத்துல கட்டைவிரல் படத்தைத் தட்டி விட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். காலைல எழுந்து பாத்தப்பதான் அது ராத்திரி 11:40க்கு வந்ததுன்னு தெரிஞ்சுது. சமைக்கறதுக்கு அளவு 11:40க்கு ஏன்மா கேக்கணும்? அதுக்கப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டேன், ரெண்டு தடவையும் "வேலையா இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்"னு வச்சுட்ட. சரி, தொந்தரவு பண்ண வேண்டாம், எழுதியே அனுப்பிடறேன், எழுத்துல இருந்தா ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சுக்கலாம்.

நாலு பேருக்கு அளவு சொல்றேன். நாலு பேருன்னா நாலு பேருதான், உன்னையும் சேத்து. மாட்டுக் கொத்துக்கறி 450 கிராம், ரொம்பக் கொழுப்பில்லாததா வாங்காத, நூத்துக்கு 15 பங்கு கொழுப்பு இருந்தா சரியா இருக்கும், சுத்தமா கொழுப்பில்லைன்னா வறவறன்னு ஆயிடும், சின்னவன் துப்பிடுவான். குட்டை பாஸ்தா 300 கிராம், பென்னேயோ, சுருள் சுருளா இருக்குமே அதுவோ, மாக்கரோனியோ, எது இருந்தாலும் சரி, நீளமா இருக்கற ஸ்பெகட்டி மட்டும் இதுக்கு வேண்டாம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வெங்காயம் பெருசா ஒண்ணு, பூண்டு மூணு பல், தக்காளி பேஸ்ட் ரெண்டு டேபிள்ஸ்பூன், 400 கிராம் டின் தக்காளி ஒண்ணு, கடைசியில தூவ சீஸ் ஒரு 100 கிராம். தண்ணி நம்ம நீல டம்ளர்ல மூணு. அது உங்கிட்டதானே இருக்கு. உன் பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி அளந்து பாத்தேன், 240 மில்லி பிடிக்குது, அம்மா இத்தனை வருஷமா கண்ணாலயே அளந்தது எவ்வளவு சரின்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத. போன மாசம் வீடியோல பேசினப்ப சிங்க் பக்கத்துல கறி பாக்கெட் ஒண்ணு இருந்துச்சு, நீ பேச ஆரம்பிச்சப்பவும் இருந்துச்சு, பெரியவ போனை வாங்கிப் பேசி முடிச்சப்பவும் அங்கயேதான் இருந்துச்சு. காலைலயே எடுத்து வெளிய வச்சுட்டு ஆபீஸ் போறியாம்மா? கொத்துக்கறியை அப்படி வைக்கக் கூடாது. முழுத் துண்டா இருந்தா கிருமி மேலாக்கதான் இருக்கும், அரைக்கும்போது மேல இருக்கறதெல்லாம் உள்ள கலந்துடுது, அதான் கொத்துக்கறிக்கு மட்டும் இவ்வளவு ஜாக்கிரதை. அப்புறம் நல்லா கொதிக்க வச்சுக்கலாம்னு நினைக்காத, சில கிருமி விடற விஷம் கொதிச்சாலும் போகாது. முதல் நாள் ராத்திரியே ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து ஃப்ரிட்ஜுக்குள்ள கீழ்த் தட்டுல ஒரு கிண்ணத்துல வச்சுடு, அது பாட்டுக்கு இளகிடும். புதுசா வாங்கின கறின்னா ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள், அதுக்கு மேல ஃப்ரீஸர்தான். பாக்கெட்டைப் பிரிச்சா உள்ள சாம்பலா இருக்கேன்னு தூக்கிப் போட்டுடாத, காத்து படாத இடம் அப்படித்தான் இருக்கும், நாத்தமோ பிசுபிசுப்போ இருந்தாதான் தப்பு.

நீ குழந்தைங்களைப் பாக்காம விடறன்னு சொல்லலம்மா. ரெண்டு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பி, ஆபீஸ் போய், திரும்பி வந்து, ஹோம்வொர்க் பாத்து, இவ்வளவையும் நீ செய்யறதைப் பாத்தா எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகுது. ஆனா எல்லாத்தையும் நீயேதான் செய்யறியோன்னும் தோணுது. நான் கேக்கல. சும்மா தோணுச்சு.

அடுப்புக்கு வருவோம். அடி கனமான அகலப் பாத்திரமா எடுத்துக்கோ, பச்சை மூடிப் பாத்திரம் சரியா இருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு நல்லா சூடானப்புறம் கறியைப் பரப்பிப் போட்டு மூணு நாலு நிமிஷம் தொடாம விடு. தொடாம விடுன்னா நிஜமாவே தொடாம. இதுலதான் எல்லாரும் அவசரப்படறாங்க, போட்ட உடனே கிளறினா தண்ணி விட்டு வெந்து சாம்பல் கலர்ல நிக்கும், ருசியே இருக்காது. அடிப்பக்கம் நல்லா பழுப்பாகிற வரைக்கும் பொறுத்துட்டு, அப்புறம் மரக்கரண்டியால உடைச்சுப் பொடிப் பொடியா உதிர்த்து விடு. உப்பு ஒரு டீஸ்பூன், மிளகு கொஞ்சம். கொழுப்பு நிறைய மிதந்தா கரண்டியால ஒரு பழைய டப்பாவுல எடுத்துடு, ஒரு ஸ்பூன் அளவு மட்டும் பாத்திரத்துல இருக்கட்டும், சிங்க்ல ஊத்திடாத, குழாய்க்குள்ள உறைஞ்சு அடைச்சுக்கும்.

அதுலயே வெங்காயத்தைப் போட்டு வதக்கு, பூண்டு கடைசி அரை நிமிஷம் போதும், கருகினா கசக்கும். வெங்காயம் நறுக்க மாப்பிள்ளையைக் கூப்பிடேன். நிச்சயத்தன்னிக்கு எங்க எல்லார் முன்னாடியும் சொன்னாரே, ஹாஸ்டல்ல இருபது பேருக்கு இவர்தான் நறுக்குவாருன்னு, அம்மாவுக்கு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அவர் வேலை முடிஞ்சு வர்றதுக்கு இப்ப எத்தனை மணி ஆகுது? சின்னவன் ஒரு நாள் பேசும்போது "அப்பா நான் தூங்கினப்புறம் வருவார்"னு சொன்னான். குழந்தை ஏதோ சொல்லுது, விடு.

வெங்காயம் வதங்கினதும் தக்காளி பேஸ்டைப் போட்டு ஒரு நிமிஷம், கலர் கொஞ்சம் கருக்கற வரைக்கும் வதக்கு, பச்சை வாசனை போயிடும். அப்புறம் டின் தக்காளி, நீல டம்ளர்ல மூணு தண்ணி. அடியில ஒட்டியிருக்கற பழுப்பையெல்லாம் கரண்டியால சுரண்டிக் கரைச்சு விடு, ருசி முழுக்க அதுலதான் இருக்கு. தண்ணி தளதளன்னு கொதிக்கட்டும், கொதிச்சப்புறம்தான் பாஸ்தா போடணும். போட்டுட்டுத் தீயைக் குறை. ஒரு தடவை நான் தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே பாஸ்தாவைப் போட்டுட்டுப் போன் பேசப் போயிட்டேன், திரும்பி வந்தா அடியில கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு மேல மாவாட்டம் நிக்குது. அதனால கொதிச்சப்புறம் போடு, தீயைக் குறை, மூடியைக் கொஞ்சம் திறந்து வை, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடி வரைக்கும் கிளறி விடு. பாக்கெட்ல 10 நிமிஷம்னு போட்டிருந்தா இதுல 12, 13 ஆகும், தக்காளிப் புளிப்புல மெதுவாத்தான் வேகும். தண்ணியை வடிக்கப் போறதில்லையா, அதனால பாஸ்தா விடற மாவு உள்ளயே இருந்து குழம்பு தானா கெட்டியாகும், க்ரீம் எல்லாம் வேண்டாம். ஆனா அதே மாவுதான் அடியில போய்ப் படிஞ்சு பிடிக்கும். தீயைக் குறைக்க மறக்காத, அடி பிடிக்க விடாத.

ஏன் இதையே சொல்றேன்னா, அடி பிடிச்சா அதை நீதான் சாப்பிடுவ. எனக்குத் தெரியும். சின்னவன் சொன்னான், ரெண்டு வாரம் முன்னாடி. "தாத்தா, அம்மா தட்டுல சாப்பிட மாட்டாங்க, பாத்திரத்துலயே கரண்டி வச்சு நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க"ன்னு. விளையாட்டா சொல்லிட்டு ஓடிட்டான். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல பாப்பா.

இதை எழுதறதா வேண்டாமான்னு யோசிச்சு நாலு தடவை அழிச்சுட்டேன், இருந்தாலும் எழுதறேன். உனக்கு ஒம்பது வயசு இருக்கும். நான் ஒரு நாள் வேலையில இருந்து சீக்கிரம் வந்தேன், என்னைக்கும் பத்து மணிக்கு வர்றவன் அன்னைக்கு எட்டுக்கே வந்துட்டேன். அம்மா அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா, ஒரு கையில பாத்திரத்தோட காது, ஒரு கையில கரண்டி, அடியில ஒட்டினதைச் சுரண்டிச் சுரண்டி வாயில போட்டுக்கிட்டு இருந்தா. நான் என்ன கேட்டேன் தெரியுமா, "ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடற"ன்னு கேட்டேன். கேட்டுட்டுக் கையைக் கழுவிட்டுப் போய் உக்காந்து தட்டுக்காகக் காத்திருந்தேன். அவ கரண்டியைக் கீழ வச்சுட்டு எனக்குப் பரிமாற வந்தா. நீ வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்த, கையில பென்சில் வச்சுக்கிட்டு, என்னையும் பாத்த, அம்மாவையும் பாத்த.

26 வருஷம் பாப்பா. அந்த 26 வருஷத்துல உங்க அம்மா எப்ப சாப்பிட்டா, என்ன சாப்பிட்டா, எனக்கு ஒரு நாள் கூடத் தெரியாது. சூடா சாப்பிட்டிருப்பாளான்னே தெரியாது. அவ போனப்புறம் அதே அடுப்பு முன்னாடி நான் தனியா நின்னு, ஒரு ஆளுக்கு எதுக்குத் தட்டுன்னு பாத்திரத்துலயே சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்பதான் அந்த நாள் ஞாபகம் வந்துச்சு. நான் உனக்குப் படிப்பு குடுத்தேன், வேலைக்குப் போன்னு அனுப்பி வச்சேன், அதுல எனக்குக் குறை ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு வீட்டுல பொம்பளை எப்படிச் சாப்பிடுவான்னு உனக்குக் காமிச்சது நான்தான். அம்மா இல்ல. நான்தான். அன்னைக்கு நான் எழுந்து இன்னொரு தட்டை எடுத்து வச்சிருந்தா நீ அதையும் பாத்திருப்ப.

சரி, பாஸ்தா வெந்திருக்கும், போய்ப் பாரு. ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாரு, நடுவுல லேசா கடிபட்டா போதும், இறக்கிடு, சூட்டுலயே மீதி வெந்துடும். உப்பும் இப்பதான் பாக்கணும், தண்ணி சுண்டினப்புறம்தான் சரியான உப்பு தெரியும். சீஸை அடுப்புல இருக்கும்போது போடாத, அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தூவு, கொதிக்கும்போது போட்டா திரிஞ்சு கட்டியாயிடும். கறி வெந்துடுச்சான்னு கலரை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது, தெர்மாமீட்டர்ல 71 டிகிரி செல்சியஸ் வரணும்பாங்க, இதுல அவ்வளவு நேரம் கொதிக்கறதால உனக்கு அந்தக் கவலை இல்ல.

மிஞ்சினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுடு, மூணு நாள், நாலு நாள் வரைக்கும் இருக்கும். சூடு பண்ணும்போது அரை டம்ளர் தண்ணி விடு, ராத்திரியெல்லாம் பாஸ்தா குழம்பை இழுத்துக்கிட்டு இறுகிப் போயிருக்கும். ஆவி பறக்கறவரைக்கும் சூடு பண்ணு. மாப்பிள்ளைக்குத் தனியா எடுத்து வைக்கணும்னா வை, ஆனா அவர் வர்றவரைக்கும் நீ சாப்பிடாம உக்காந்திருக்காத. அவர் வந்து தானே எடுத்து சூடு பண்ணிக்கட்டும், சின்னக் குழந்தை இல்லையே. உங்க ரெண்டு பேருக்குள்ள என்னன்னு நான் கேக்கல. ஒண்ணுமில்லைன்னா ரொம்ப சந்தோஷம். ஏதாவது இருந்தா, அம்மாகிட்ட சொல்ற மாதிரி என்கிட்ட சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியும், நான் பாதியிலயே அறிவுரை சொல்ல ஆரம்பிச்சுடுவேன், நீயே ஒரு தடவை அழுதுக்கிட்டே சொன்ன. இந்தத் தடவை குறுக்க பேச மாட்டேன்.

நாலு தட்டு எடுத்து வை. உன் தட்டுல முதல்ல போடு. இது ஒண்ணுதான் உங்கிட்ட கேக்கறேன், குழந்தைங்களுக்கு முன்னாடி உன் தட்டுல போடு, அவங்க பாக்கட்டும், பெரியவளுக்கு இப்ப ஒம்பது வயசாகுது. அடி பிடிச்சிருந்தா அதைச் சாப்பிடாத, தண்ணி ஊத்தி ஊற வச்சுடு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவியே, ஆறு வாரமா அதுவும் வரல. அடுத்த தடவை உன் தட்டை எடுத்து அனுப்பு.

அப்பா

தக்காளி பேஸ்ட் மிஞ்சினதை டின்லயே வச்சுடாத, ஐஸ் ட்ரேயில ஒரு ஒரு ஸ்பூனாப் போட்டு ஃப்ரீஸர்ல வச்சுட்டா அடுத்த தடவைக்கு ரெண்டு கட்டி எடுத்துப் போட்டா போதும், புது டின் உடைக்க வேண்டாம்.