வசந்தாவுக்கு, அந்த என்கே செல் ரிப்போர்ட் பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும், அதோடு வைத்திருந்த ரிப்போர்ட் நகலும் வந்து சேர்ந்தன. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், கேட்ட கேள்வி அப்படியே நிற்கும். இங்கே எல்லோரும் நலம். இவர் மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு டாக்டரிடம் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவளின் பேச்சை வீட்டில் யார் கேட்கிறார்கள்!

உன் மருமகள் நித்யாவுக்கு இரண்டாவது தடவையும் கரு கலைந்துவிட்டது என்று படித்தபோது மனசு கனத்துப்போயிற்று. அதைவிட, "சொந்தத்தில் கட்டியதால்தானோ, நான்தானே தம்பி மகளைக் கேட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. கரு தங்காமல் போவது வேறு விஷயம். வேலூர் சி.எம்.சி.யில் ராவும் இன்பராஜும் நம் தமிழ்நாட்டுப் பெண்களிடமே விசாரித்து 1977இல் எழுதினார்கள். சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் அசலில் கட்டியவர்களுக்கும் கருக்கலைவில் சொல்லும்படியான வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் சில வாரங்களில் கலைகிற கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேரும் பிசகு அது. அதற்கு நீயும் காரணமில்லை, உன் தம்பியும் காரணமில்லை.

இனி அந்த ரிப்போர்ட். நித்யாவின் கையில் ரத்தம் எடுத்து, அதில் என்கே செல், அதாவது நேச்சுரல் கில்லர் என்கிற ஒரு வகை வெள்ளை அணு, அதிகம் என்று கண்டு, "உங்கள் எதிர்ப்பு சக்தியே குழந்தையை அழிக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அடக்க டிரிப்ஸ். அதுவும் சரிவரவில்லை என்றால் கணவனின் வெள்ளை அணுக்களை எடுத்து இவளுக்கு ஊசி. படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப்போனது.

இந்தப் பயத்துக்கு ஒரு பெரிய மனிதர் வழி போட்டுக் கொடுத்தார். உறுப்பு மாற்று பற்றி ஆராய்ந்த பீட்டர் மெடவார் 1953இல் ஒரு கேள்வி எழுப்பினார்: இன்னொருவரின் தோலை ஒட்டினால் உடம்பு தள்ளிவிடுகிறது, பாதி அப்பாவின் மரபணுவோடு இருக்கிற குழந்தையை மட்டும் தாயின் உடம்பு எப்படி ஒன்பது மாதம் வைத்துக்கொள்கிறது? அருமையான கேள்வி. 1960இல் வேறு வேலைக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தாய்க்கும் பிள்ளைக்கும் வயிற்றுக்குள் சண்டை என்றே எல்லோரும் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தானமாக வாங்கிய கருமுட்டையில் உண்டாகும் குழந்தைக்கும் சுமக்கிற தாய்க்கும் மரபணு உறவே கிடையாது. ரத்த அழுத்தத் தொல்லை கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் அந்தக் குழந்தைகள் நல்லபடியாகப் பிறக்கத்தானே செய்கின்றன?

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

கருப்பையின் உட்சுவரிலும் என்கே செல்கள் உண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அங்கே இருக்கும் வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் அவைதான். ரத்தத்தில் ஓடுகிற என்கே செல்லும் இதுவும் ஒன்றில்லை. குணமும் வேறு, வேலையும் வேறு. மாதாமாதம், கரு உண்டானாலும் இல்லாவிட்டாலும், சுழற்சியின் பின்பாதியில் இவை பெருகுகின்றன. கரு தங்கினால் அங்கேயே இருக்கின்றன. ஐந்தாவது மாதம் தாண்டினால் குறைந்துவிடுகின்றன. நச்சுக்கொடி வேர்விடுகிற காலத்தில் மட்டும் கூடவே இருக்கின்றன என்றால், அதில் இவற்றுக்கு ஒரு வேலை இருக்கத்தானே வேண்டும்.

கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்ன ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. நச்சுக்கொடியின் செல்கள் தாயின் சுவருக்குள் புகுந்து அந்தக் குழாய்களின் தசையைக் கரைத்து, வாயைப் பல மடங்கு அகலமாக்குகின்றன. வயலில் குழாயை வைத்துப் பீய்ச்சினால் நாற்றுப் பெயர்ந்துவிடும், மடையை அகலமாக வெட்டிவிட்டால் தண்ணீர் மெதுவாகப் பரவும் இல்லையா, அப்படித்தான் ரத்தமும் நிதானமாக நச்சுக்கொடிக்குப் போய்ச் சேரவேண்டும். இந்த வெட்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதில் அந்த என்கே செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவை ஆளை அடையாளம் பார்க்கிற விதம் இது. உடம்பின் மற்ற செல்களில் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி என்கிற அடையாளப் புரதங்கள் இருக்கும். சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்ப்பார்களே, அவையேதான். தாயின் சுவருக்குள் புகும் நச்சுக்கொடி செல்கள் இந்த இரண்டையும் காட்டுவதே இல்லை. எச்.எல்.ஏ.-சி, ஈ, ஜி மூன்றை மட்டும் காட்டுகின்றன. இதில் ஆளுக்கு ஆள் நிறைய மாறுவது சி. அதில் சி1, சி2 என்று இரண்டு வகை. குழந்தைக்கு ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து.

அதைத் தொட்டுப் பார்க்கும் கை தாயின் என்கே செல்லில் இருக்கிறது. கே.ஐ.ஆர். என்ற மரபணுக் குடும்பம் அதை உண்டாக்குகிறது. எச்.எல்.ஏ. ஆறாவது குரோமோசோமில், கே.ஐ.ஆர். பத்தொன்பதாவதில். இரண்டும் தனித்தனியாகவே பிள்ளைகளுக்குப் போகும். கே.ஐ.ஆர். தொகுப்பில் ஏ, பி என்று இரண்டு சாயல். ஏ-யில் பெரும்பாலும் செல்லை அடக்கும் வகைகள். பி-யில் தட்டி எழுப்பும் வகைகளும் உண்டு.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004இல் கண்டது என்ன தெரியுமா? தாய்க்கு இரண்டு பக்கமும் ஏ மட்டும் இருந்து, குழந்தைக்கு சி2 இருந்தால், கர்ப்பத்தில் வரும் ரத்தக் கொதிப்பு, நம் ஆஸ்பத்திரியில் "நீரில் உப்பு இருக்கு" என்பார்களே, அந்த ப்ரீஎக்லாம்சியா அதிகம். சி2 அந்த என்கே செல்லைக் கடுமையாக அடக்கிவிடுகிறது. குழாய் அகலாமல் போகிறது, நச்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் அது வெளிவிடும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. 2010இல் இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். அந்த சி2 அப்பாவிடமிருந்து வந்திருந்தால் ஆபத்து கூடுதல், தொடர்ந்து கலைகிறவர்களிடமும் இதே சாயல் தெரிந்தது.

ஆக, எதிர்ப்பு சக்தி துள்ளிக் குதித்ததால் வந்த வினை இல்லை இது. அடங்கிக் கிடந்ததால் வந்தது. அப்படியிருக்க, எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் "அடக்குங்கள்" என்று டிரிப்ஸ் போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது, சொல்லு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தட்டி எழுப்பும் வகையான கே.ஐ.ஆர்.2டி.எஸ்.1 தாய்க்கு இருந்து, குழந்தைக்கு அப்பாவின் சி2 வந்தால், குழந்தை எடை கூடிப் பிறக்கிறது என்று 2014இல் நார்வே தாய்மார்களிடம் பார்த்தார்கள். இப்போதுபோல் சிசேரியன் இல்லாத காலத்தில் பெரிய தலையுள்ள பெரிய குழந்தை என்றால் என்ன ஆகும்! அதனால்தான் ஏ-யும் அழியவில்லை, பி-யும் அழியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவருகிறது. உகாண்டாவின் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனையில் அன்னெட்டி நகிமுலி 2015இல் பார்த்தபோது, ஆபத்தான ஜோடி அங்கேயும் அதேதான். ஆனால் காப்பாற்றும் மரபணு வேறு. ஐரோப்பாவில் காக்கும் 2டி.எஸ்.1 அங்கே அரிது, அந்த இடத்தில் வேறொன்று வேலை செய்கிறது. ஒரு ஊரின் கணக்கை இன்னொரு ஊருக்கு அப்படியே பிடித்து வைக்க முடியாது என்பதை மட்டும் நித்யாவின் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்.

ஆனால் உடனே கே.ஐ.ஆர். டெஸ்ட் எடுக்கக் கிளம்பிவிடாதே! ஆயிரம் பேரைக் கூட்டிப் பார்த்தால் தெரிகிற சாய்வு அது. ஆபத்தான ஜோடி என்றவர்களிலும் பெரும்பாலோர் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். கையில் எடுத்த ரத்தத்தில் என்கே செல்லை எண்ணுவதோ அதற்கும் கீழே. கருப்பையில் நடப்பதை அது சொல்லாது என்று மொஃபெட்டே 2004இல் எழுதிவிட்டார்.

அந்தக் கணவன் அணு ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். கரோல் ஓபர் குழுவினர் 1999இல் முறையாகச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் குழந்தை பெற்றவர்கள் 36 சதவீதம். போடாதவர்களில் 48 சதவீதம்! இன்னொரு வேடிக்கையும் கவனி. அந்த ஊசி, தாயின் உடம்பு குழந்தையைச் சரியாக அடையாளம் காணவில்லை என்ற எண்ணத்தில் போடுவது. டிரிப்ஸ், அடையாளம் கண்டு அடிக்கிறது என்ற எண்ணத்தில் போடுவது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டிரிப்ஸ் என்பது சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்தது. வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு ஊட்டமாக ஏற்றுவது.

செய்ய வேண்டியவை வேறே இருக்கின்றன. தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் வடிவம் பார்க்க நல்ல ஸ்கேன், இருவருக்கும் குரோமோசோம் சோதனை. முக்கியமாக ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி டெஸ்ட், ரத்தத்தை உறையவைக்கிற தவறான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. பன்னிரண்டு வாரம் விட்டு இரண்டு தடவை எடுக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியால் கரு கலைவது உண்டென்றால் நிரூபணமான காரணம் அதுதான். அதற்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுப்பார்கள், பலனும் உண்டு. இவை எதையும் அந்தச் சீட்டில் நான் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தால், மருந்தே இல்லாமல் அடுத்தது தங்குகிறவர்கள்தான் அதிகம். அதை நித்யாவிடம் நீ சொல்லாதே, மாமியார் சொன்னால் வெறும் ஆறுதல் மாதிரி இருக்கும். டாக்டர் வாயால் கேட்கட்டும்.

இங்கே என்னிடம் படித்த பெண் ஒருத்தி மகப்பேறு மருத்துவராக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் நேரம் கொடுப்பாள், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்பாள். நித்யா சம்மதித்தால் மட்டும் அழைத்து வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தால் அவருக்கும் இதெல்லாம் நேரில் தெளிவாகும். வரும் தேதியை முன்கூட்டியே சொல், இவர் திருச்செந்தூர் போகிற திட்டத்தை மாற்றிவைக்க வேண்டும். அந்த டிரிப்ஸுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
சரோஜா