குளிரில் இறங்கும் குழல்

குன்னூர்
ஜனவரி 18

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் நல்ல வீடாக அமைந்ததில் சந்தோஷம். தங்கச்சிக்கு அந்த உப்புத் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். போகப் போகப் பழகிவிடும் என்று சொல். இங்கே உறைபனி. விடிகாலையில் புல்வெளியெல்லாம் உப்புத் தூவினது போலக் கிடக்கிறது. பள்ளத்தில் இருக்கும் தேயிலை கருகிவிட்டது. ஃபாக்டரிக்குப் பச்சை இலை வரத்து பாதிகூட இல்லை, நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். கோயில் கொடையில் மத்தியானம் மூன்று மணிக்கு வாசித்தாயாம், புல்லாங்குழலின் சுருதி கீபோர்டைவிட மேலே மேலே ஏறிக்கொண்டே போனதாம், இந்த ஊர் வெயிலோடு தினமும் இதே போராட்டம் என்று. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வெயிலில் குழல் ஏறும் என்றால் குளிரில் இறங்கும்தானே?

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் ராத்திரி உனக்கு மறந்திருக்காது. கோத்தகிரி ரோட்டில் நம் இசைக்குழுவுக்குத் திறந்தவெளி மேடை. மணி பத்து இருக்கும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இடையிசை முழுக்க உன்னுடையது. அதுவரை நாலு நிமிஷம் குழலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய். எடுத்து ஊதின முதல் ஸ்வரமே சுருதிக்குக் கீழே நின்றது. கீபோர்டு தம்பி திரும்பிப் பார்த்தான். மேடையை விட்டு இறங்கியதும் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "சுருதி சேராத குழலைக் கொண்டுவந்து எங்க மானத்தை வாங்காதே." நீ ஒன்றும் பேசவில்லை. குழலைத் துடைத்து, அந்தப் பச்சைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாய். அடுத்த மார்ச்சில் உனக்கு மாற்றல் வந்தது. மாற்றல் வந்ததா, நீ கேட்டு வாங்கினாயா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நானே சோதித்துப் பார்த்தேன். நீ விட்டுவிட்டுப் போன ஒரு குழல் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை நல்லெண்ணெய் தடவி வைக்கிறேன். அதை வராந்தாவில் ஒரு மணி நேரம் வைத்தேன். வெளியே 7 டிகிரி. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊத வரும். போனில் சுருதி காட்டும் ட்யூனரின் ஊசி நன்றாக இடது பக்கம், அதாவது சுருதி இறங்கிய பக்கம், சாய்ந்தது. பிறகு அதே குழலைக் கணப்புப் பக்கத்தில் வைத்துக் கதகதப்பானதும் ஊதினேன். ஊசி கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிட்டது. அதே குழல், ஊதினதும் நான்தான்.

கீபோர்டு தம்பியிடம் கேட்டேன், அவன் இயற்பியல் படித்தவன். குழலில் ஸ்வரத்தைத் தருவது உள்ளே இருக்கும் காற்று. ஒலியின் வேகம் பூஜ்ஜியம் டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். 7 டிகிரிக்கும் உங்கள் ஊர் 32 டிகிரிக்கும் கணக்குப் போட்டால் நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அரைக் கட்டை, அதாவது கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி, அதுவே ஆறு சதவீதம்தான். வாசிக்க வாசிக்க மூச்சுச் சூட்டில் குழல் ஓரளவு சரியாகிவிடும் என்றான். ஆனால் நாலு நிமிஷம் மடியில் கிடந்த குழல்? அது மறுபடி ஆறித்தான் போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னான். என் கிட்டாரின் எஃகுக் கம்பி குளிரில் சுருங்கி இழுபடும், அதனால் அதன் சுருதி ஏறும். அன்றைக்கு நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சுருதி சேர்த்துவிட்டு மேடைக்கு வந்தவன். அங்கே வந்து மறுபடி சரிபார்க்கவே இல்லை. அப்படியானால் நீ இறங்கிய அதே நேரத்தில் நான் ஏறியிருக்கிறேன். கீபோர்டு மட்டும்தான் அதன் இடத்தில் நின்றது. ஆனால் என் கிட்டார் எல்லா ஓசைக்கும் நடுவில் ஒளிந்துகொண்டது. குழல் தனியாக நின்றதால் மாட்டிக்கொண்டது. நான் செய்த தவறு உன் தவறைவிடக் குறைவில்லை, சொல்லப்போனால் உன்னுடையது தவறே இல்லை. மன்னித்துவிடு. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் மே மாதம் வரை பொறுக்க மனசு வரவில்லை.

சரி, குழு எப்படி இருக்கிறது, இன்னும் அடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். அடித்துக்கொண்டோம். போன இரண்டு வருடத்தில் இரண்டு தடவை உடையப் பார்த்தது.

முதலில், கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் அண்ணன் விஷயம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், நீ போன பிறகு சேர்ந்தார். மென்மையாக வாசிப்பார், அதிகம் பேச மாட்டார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நான் எதுக்குப்பா இங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைய பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் வாசிக்கும் அதே கீழ் ஸ்வரங்களைக் கீபோர்டு தம்பி இடது கையில் வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டும் மோதி, கீழே எல்லாம் கூழாகக் கிடந்தது. அண்ணன் ஆறு மாதமாகத் தன் சத்தமே தனக்குக் கேட்காமல் வாசித்திருக்கிறார்.

தம்பியைக் கோபித்துக்கொள்ளத்தான் போனேன். போகும் வழியில் ஞாபகம் வந்தது: பேஸ் ஆளே இல்லாத நாலு வருடம் அந்த இடத்தை நிரப்பினவன் அவன்தான். இனி நீ அதைச் செய்ய வேண்டாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. புது ஆள் வந்தார், வாசிக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். யார் எதை விட வேண்டும் என்று பேசவே இல்லை. அடுத்த ரிகர்சலில், "ஒரே ஒரு பாட்டுக்கு இடது கையை ஜாக்கெட் பாக்கெட்டில் வெச்சுக்கோ" என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தான். பல்லவி முடிவதற்குள் அவனே நிமிர்ந்து பார்த்தான். டிரம்ஸில் காலால் அடிக்கும் அடியும் பேஸும் ஒன்றாக விழுவது அன்றைக்குத்தான் எங்களுக்கு முதல்முறையாகக் கேட்டது. பாட்டு முடிந்ததும் அண்ணன் பக்கம் திரும்பி, "இவ்ளோ நாளா இதையா வாசிச்சீங்க?" என்றான். அண்ணன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்து சுருதிச் சண்டை. நம் குழுவில் பாடுகிற பாட்டு டீச்சருக்குக் குளிர்காலத்தில் தொண்டை இறுகிவிடும். மேடை ஏறப் போகும் நேரத்தில், "அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்கு அது ஒரு பட்டன். எனக்கு, அஞ்சு கட்டைச் சுருதியில் திறந்த கம்பியில் பழகின கார்டு பிடிகளெல்லாம் போய், விறைத்த விரலோடு வேறு வடிவங்களைத் தேட வேண்டும். உனக்காக இருந்தால் வேறு குழலே எடுக்க வேண்டியிருந்திருக்கும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லாமல், கடைசி நேரத்தில் மாற்றுகிறாரே என்று பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். அவரோ, தொண்டை வலியைச் சொன்னால் சாக்கு என்று நினைப்பார்களோ என்று கடைசி வரை சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிறார். ஒருநாள் உட்கார்ந்து அவரவர் கஷ்டத்தைச் சொன்னபோதுதான் இது வெளியே வந்தது. இப்போது சுருதி பாடுகிறவர் முடிவு, அதில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி மேடைகளுக்கு முதலிலிருந்தே அரைக் கட்டை இறக்கித்தான் பழகுகிறோம்.

இதையெல்லாம்விட என்னை மாற்றியது இந்த மலையின் படுகர் மக்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று. டிரம்ஸ் தம்பியின் சொந்தக்காரர் ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், நடந்தது. அவர்கள் பாட்டு இரண்டையும் எங்கள் பட்டியலில் சேர்த்தோம். ரிகர்சலில் நானும் கீபோர்டு தம்பியும் வேகத்தைக் கூட்டினோம், மேடைக்கு எடுப்பாக இருக்கும் என்று. டிரம்ஸ் தம்பி ஒரு தடவை மெதுவாக, "இது ஆடுற பாட்டுண்ணா" என்றான். நான் காதில் வாங்கவில்லை. அன்று முற்றத்தில் வெள்ளை உடுத்திய பெரியவர்களும் பெண்களும் வட்டம் கட்டி ஆட ஆரம்பித்தார்கள். நாங்கள் அந்த வேகத்தில் அடித்தோம். ஒரு சுற்று முடிவதற்குள் வயதான அம்மாக்கள் ஒவ்வொருவராக வட்டத்தை விட்டு விலகி ஓரமாக நின்றார்கள். தம்பி பாதிப் பாட்டில் அடிப்பதை நிறுத்தினான். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு, நிதானமாக மறுபடி ஆரம்பித்தான். நாங்கள் அவன் பின்னால் போனோம். அந்த அம்மாக்கள் மறுபடி வட்டத்துக்குள் வந்தார்கள். அந்தப் பாட்டு எப்படி நகர வேண்டும் என்று எங்கள் ஐந்து பேரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வயதில் சின்னவன் என்று அவனைக் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

அதிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் பொறுப்பு. அந்தப் பாட்டைக் கொண்டு வந்தவர் அல்லது நன்றாக அறிந்தவர். வேகம், நீளம், இடையிசையை யார் எடுப்பது எல்லாம் அவர் சொல்வதுதான். மற்றவர்களுக்கு வேறு யோசனை இருந்தால் வாயால் சொல்லிப் பயனில்லை, வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு மாதிரியும் வாசித்துப் போனில் பதிவு செய்து, அடுத்த நாள் அவரவர் வீட்டில் கேட்போம். ராத்திரி எட்டு மணிக்கு நான் உயிரைக் கொடுத்து வாதாடின விஷயம் காலையில் டீ குடித்துக்கொண்டே கேட்கும்போது எனக்கே தப்பாகப் படும். அப்புறம், மேடையில் நடந்த தவறை அன்றைக்கே பேசுவதில்லை. இது நான் கேட்டு வாங்கின விதி. ஏன் என்று உனக்குத் தெரியும்.

தீராததும் இருக்கிறது. கீபோர்டு தம்பிக்குப் புதுப் பாட்டுகளை ட்ராக் போட்டு வாசிக்க ஆசை. பாதி இசை பெட்டியிலிருந்து வரும், நாம் அதன் மேல் வாசிக்க வேண்டும். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்கிறான், அதுவும் உண்மைதான். நாலு மாதமாகப் பேசுகிறோம், முடியவில்லை.

பேஸ் அண்ணன் பீட்டில்ஸ் பைத்தியம். ஒரு ராத்திரி ரிகர்சல் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஒன்று சொன்னார். 1968 ஆகஸ்டில் ஒரு ஆல்பம் பதிவு நடக்கும் நடுவில் ரிங்கோ ஸ்டார் குழுவை விட்டுக் கிளம்பிவிட்டாராம். தான் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூன்று பேரும் நெருக்கமாக இருக்கிறார்கள், தான் மட்டும் வெளி ஆள் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதை ஜான் லெனனிடம் போய்ச் சொன்னபோது அவர், நீங்கள் மூன்று பேர்தான் நெருக்கம் என்று நான் நினைத்தேன் என்றாராம். பால் மெக்கார்ட்னியும் அதையே சொன்னாராம். சுமார் இரண்டு வாரம் கழித்து ரிங்கோ திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸ் முழுக்கப் பூ வைத்து அலங்கரித்திருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது உன் ஞாபகம்தான். நீ போன பிறகு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கு எங்களைவிடப் பெரிய இடம் கிடைத்துவிட்டது, நாங்கள் உனக்குப் போதவில்லை என்று. நீயோ அந்தத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, இவர்களுக்கு நான் வேண்டாம் என்று நினைத்துப் போயிருக்கிறாய். ஆறு வருடமாகப் பிள்ளைகள் படிப்பு, மழை, தேயிலை விலை எல்லாம் எழுதிக்கொண்டோம், இதை மட்டும் எழுதவில்லை.

உனக்குப் பிறகு குழலுக்கு ஆள் தேடவே இல்லை. இடையிசை வரும்போது கீபோர்டில் குழல் ஓசையை வைத்து ஒப்பேற்றுகிறோம். எந்தக் குளிரிலும் சுருதி விலகாது. ஆனால் நீ ஒரு ஸ்வரத்தை விடுவதற்கு முன்னால் லேசாக நடுங்கவிடுவாயே, அது இல்லை. டீச்சர் அந்த இடம் வரும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. சிம்ஸ் பார்க்கில் பழக்கண்காட்சி நடக்கிற சமயமாகப் பார்த்து வந்தால் சின்னவளுக்குப் பிடிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறுங்கள், டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவிடு. குழல்கள் எல்லாவற்றையும் கொண்டு வா. அந்தப் பாட்டை மறுபடி எடுத்திருக்கிறோம், பழைய சுருதியிலேயே. அதற்குப் பொறுப்பு யார் என்று எழுதுகிற இடத்தை இன்னும் காலியாக வைத்திருக்கிறேன். இடையிசை எத்தனை சுற்று போக வேண்டும் என்று மட்டும் பதிலில் எழுது, மற்றவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ரிதம் கிட்டார்காரன்

பி.கு.: மே மாதத்திலும் ராத்திரி இங்கே குளிரும். மேடைக்குப் பின்னால் ஒரு கணப்புச் சட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இடையிசை வரும் வரை குழலை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள். நானும் இந்த முறை மேடையில் ஏறி அரை மணி நேரம் கழித்துத்தான் கம்பியைச் சரிபார்ப்பேன்.