மவுஸ் என் கையிலேயே இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இதை நானே தட்டச்சு செய்கிறேன், அதுவும் தமிழ்99 விசைப்பலகையில். உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு என்று பிரித்து வைத்திருப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. 'அம்மா' என்று அடிக்க ம-வை இரண்டு முறை தட்டினால் போதும், முதல் ம-வுக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் கோபம் ஏறி இறங்கியிருந்தால் கண்டுகொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை பிரிண்டர் ஓடவில்லை என்று சொன்னதும், "அந்த நம்பரைச் சொல்லும்மா, நான் உள்ளே வந்து பார்க்கிறேன்" என்றாய். நான் மாட்டேன் என்றேன். முதலில் சிரித்தாய். அப்புறம் கொஞ்சம் வருத்தப்பட்டாய் என்பது குரலிலேயே தெரிந்தது. காரணத்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். தையல் டிசைன் ஒன்றைத் தேடி எதையோ அழுத்தினேன். திரை முழுக்க நீலமாகிவிட்டது. சைரன் மாதிரி ஒரு சத்தம். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்க வேண்டாம், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மேலே மைக்ரோசாஃப்ட் சின்னம் வேறு. மூடுவதற்கான பெருக்கல் குறியைக் காணோம். கை நடுங்க அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

பேசியவன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். வேறு இடத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை ஓட்டவிடும் ஒரு புரோகிராமின் பெயரைச் சொல்லி, அதை இறக்கிக்கொள்ளச் சொன்னான். அது ஏற்கெனவே இருக்கிறதே, என் பையன் போட்டு வைத்திருக்கிறான் என்றேன். "ரொம்ப நல்லதும்மா" என்றான். அதைத் திறந்து, அதில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னான். ஆறு இலக்கம் படித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்து, "யாரு, தம்பியா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான். போனை வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் மேல் குற்றம் சொல்லவில்லை, கேள். நாலு வருஷமாக நீ தொலைவிலிருந்து உள்ளே வந்து எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்திருக்கிறாய். அம்புக்குறி தானாகவே இங்கும் அங்கும் ஓடும். நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னப்பா செய்தாய் என்று கேட்டால், "ஒண்ணுமில்லைம்மா, சரியாயிடுச்சு" என்பாய். அந்த நாலு வருஷத்தில் நான் நன்றாகப் பழகிக்கொண்டது ஒன்றே ஒன்று: போனில் யாராவது கேட்டால் அந்த ஒன்பது இலக்கத்தைப் படித்துக் காட்டுவது.

அன்று திரையில் வந்தது வைரஸே இல்லை என்று அப்புறம் தெரிந்தது. சாதாரண இணையப் பக்கம்தான், திரை முழுக்க விரிந்து நின்றுகொண்டு பயமுறுத்துகிறது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தாலோ எஃப்11 தட்டினாலோ பெரும்பாலும் சுருங்கிவிடும். அசையவில்லை என்றால் ஆல்ட்டோடு எஃப்4. அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம். தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் அந்த மத்தியானம் நிம்மதியாகப் போயிருக்கும். நீ போட்ட புரோகிராமை செட்டிங்ஸுக்குப் போய் நானே நீக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். வகுப்பு எதற்கும் போகவில்லை. எது எங்கே இருக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அப்பாவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு எல்லாமே டெஸ்க்டாப்பில் இருக்க வேண்டும், தெரியுமே உனக்கு.

அவர் கதை ஒன்றைச் சொல்கிறேன். தன் குடும்ப வரலாற்றை இருபது பக்கம் அடித்து வைத்திருந்தார். அதைப் பென்டிரைவில் போட்டு, அச்செடுக்கக் கிளம்பினார். அங்கே போய்த் திறந்தால் ஃபைலைக் காணவில்லை என்று வருகிறதாம். திரும்பி வந்து ஒரே கோபம். பென்டிரைவைச் செருகி நானே பார்த்தேன். ஃபைலைக் காட்டும் சின்னப் படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு வளைந்த அம்பு. வலது பக்க பட்டனைத் தட்டி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் அளவு 2 கேபி. இருபது பக்கமும் ஏழெட்டுப் புகைப்படமும் 2 கேபியில் எப்படி அடங்கும்? அது ஷார்ட்கட். உண்மையான ஃபைல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலேயே பத்திரமாக இருந்தது. "ஊருக்கு வழிகாட்டும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஊரும் கூடவே வந்துவிடுமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவரே எல்லாரிடமும் இந்த உதாரணத்தைச் சொல்கிறார், தான் யோசித்துச் சொன்னது போல.

அடுத்தது முகவரி. வங்கியிலிருந்து வந்தது போல ஒரு மெசேஜ், கணக்கை உடனே சரிபார்க்க வேண்டும், கீழே இருக்கும் லிங்க்கைத் தட்டுங்கள் என்று. தட்டவில்லை. படித்தேன். தபால்காரர் உறையைக் கீழிருந்து மேலாகத்தானே பார்ப்பார்? முதலில் ஊர், அப்புறம் தெரு, கடைசியில் வீடு. இணைய முகவரியை அதேபோல வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடு. (அந்த இரண்டு கோடும் தேவையே இல்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009இல் ஒப்புக்கொண்டாராம். எத்தனை பேர் விரல் தேய்ந்ததோ!) அதற்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். டாட் காம், டாட் இன்ஃபோ என்று ஏதோ ஒரு வால் இருக்கும். சில முகவரிகளில் வால் இரண்டு துண்டாகவும் இருக்கும். வாலுக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கும் பெயர்தான் சொந்தக்காரர் பெயர்.

எனக்கு வந்ததில் வங்கியின் பெயரும் டாட் காமும் முதலில் அழகாக நின்றன. ஆனால் அங்கே சாய்கோடு வரவில்லை. இன்னொரு புள்ளி, வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர், அப்புறம் டாட் இன்ஃபோ. எவனோ தன் வீட்டு அறைக் கதவில் வங்கி என்று எழுதி ஒட்டியிருக்கிறான், அவ்வளவுதான். பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று நீ ஒருமுறை சொன்னாய். அது பாதிதான் சரி. வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு, போய்ச் சேருமிடம் நல்லவன் வீடா என்று அதற்குத் தெரியாது. உன்னைப் போலவே பலரும் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் 2023இல் குரோமில் அந்தப் படத்தையே மாற்றிவிட்டார்களாம். வங்கி வேலை இருந்தால் இப்போது முகவரியை நானே அடித்துத்தான் உள்ளே போகிறேன்.

பாஸ்வேர்டைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் உன் பிறந்த தேதிதான். மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்கள், ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு. நோட்டில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். எழுதி வைக்கவே கூடாது என்பாய். வீட்டு அலமாரி வரைக்கும் வருகிற திருடனை விட, ஒரு பாஸ்வேர்டை எங்கிருந்தோ பிடித்து அதை எல்லாக் கதவிலும் போட்டுப் பார்க்கிற திருடன்தான் அதிகம். ஈமெயிலுக்கு மட்டும் இரட்டைப் பூட்டு போட்டிருக்கிறேன், போனுக்கும் எண் வந்தால்தான் திறக்கும். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் அந்த ஈமெயில் வழியாகத்தானே மாற்ற முடியும், அது போனால் எல்லாம் போச்சு.

உன் குழந்தையின் படங்கள் விஷயத்தில்தான் நிஜமாகவே பயந்துவிட்டேன். போனில் இடமில்லை என்று அப்பா பழைய படங்களை மொத்தமாக அழித்திருக்கிறார். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்ற தைரியம். பத்து நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸைத் திறந்தால், அங்கும் இல்லை. கண்ணாடியில் தெரிகிற உருவத்தை இரண்டாவது ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் ஒன்றேதான் தெரிகிறது, ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் போய்விடும். நல்லவேளை, பேக்கப் ஆன படங்கள் அதன் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். எல்லாவற்றையும் மீட்டேன். மீட்ட கையோடு, தனியாகக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபோல்டரிலும் இறக்கி வைத்தேன். இன்னொரு பிரதி வேண்டும், அதற்கு நீ வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வா. பென்டிரைவ் வேண்டாம், எங்காவது தொலைத்துவிடுவோம். அதில் ஒன்றை அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது.

புதுக் கம்ப்யூட்டர் அனுப்புகிறேன் என்றாய். வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அது எனக்கும் தெரியும். நம்முடையது வின்டோஸ் 11க்குத் தாங்குமா என்று அப்டேட் பக்கத்திலேயே பார்த்தேன். தாங்காது என்றுதான் வருகிறது. அதனால் சரி, வாங்கு. ஆனால் எல்லாவற்றையும் நீயே போட்டு முடித்து அனுப்பாதே. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து நாங்கள் செய்கிறோம். நீ போனில் பக்கத்தில் இரு.

பக்கத்தில் இருந்து சொல்வதிலும் ஒரு விஷயம். "அதை க்ளிக் பண்ணு" என்றால் எதை? மேலே வலது மூலையில் மூன்று புள்ளி என்று சொல். நான் தட்டி, திரையில் என்ன வந்தது என்று வாசித்து முடிக்கும்வரை அடுத்ததைச் சொல்லாதே. நான் தப்பாகத் தட்டினால் தட்டிவிட்டுப் போகிறேன், செய்ததை ரத்துசெய்யக் கன்ட்ரோலும் இசட்டும் எதற்கு இருக்கின்றன? மூடக்கூடாத டேபை மூடினால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அடித்துத் திரும்பக் கொண்டுவரவும் தெரியும்.

பிரிண்டர் இன்னும் ஓடவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாயிற்று, இரண்டையும் அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. பேப்பர், பேனா எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா

அப்பா சொல்கிறார்: அந்த இருபது பக்கத்தை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறாராம், ஷார்ட்கட் இல்லையாம், அளவைச் சரிபார்த்துவிட்டாராம். படித்துவிட்டு அவருக்கு இரண்டு வரி எழுது.